ஜெஃப்ரி பாவா

ஜெஃப்ரி மானிங் பாவா (ஜூலை 23, 1919 – மே 27, 2003) இலங்கையைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த கட்டிடக்கலைஞர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். இலங்கை நாடாளுமன்றக் கட்டிடம், கண்டலம விடுதி, றுகுணுப் பல்கலைக்கழகம், பெந்தோட்டைக் கடற்கரை விடுதி ஆகியவை இவரது முக்கியமான ஆக்கங்கள்.

வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய பாவா, 38 ஆவது வயதிலேயே கட்டிடக்கலைஞராகத் தகுதி பெற்றார். வெப்பவலய நாடுகளுக்குப் பொருந்தும் வகையில் நவீன கட்டிடக்கலையை மாற்றியமைத்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். வீட்டின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே அமையும் விறாந்தை, முற்றம், நடைவழி, படிக்கட்டு, வாயில் போன்ற இடைநிலை வெளிகளைக் கையாண்ட முறையே இவரது வடிவமைப்பின் தனித்தன்மை எனலாம். பெரும்பாலான கட்டிடங்களில் இவை அறைகளை இணைக்கும் வழிகளாக மட்டுமே இருக்கும். பாவாவின் கட்டிடங்களிலோ மக்கள் வாழும் முதன்மையான இடங்களே இவைதாம்.

இளமைக்காலமும் கல்வியும்

பாவா கொழும்பில் வசதியான ஒரு குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா, முஸ்லிம், ஐரோப்பிய மரபுகள் கலந்த குடும்பத்தைச் சேர்ந்த வழக்கறிஞர். தாய் பேர்த்தா மரியான் சிறேடர், செருமானிய, இசுக்கொட்டிய, சிங்கள வழிகள் கலந்த பறங்கியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாவா சிறுவனாக இருக்கும்போதே தந்தை காலமானார். இவருடைய மூத்த சகோதரரான பெவிசு பாவா பிற்காலத்தில் நிலத்தோற்றக் கலைஞராகப் புகழ் பெற்றார். பேருவளைக்கு அண்மையில் அவர் உருவாக்கிய பிரீஃப் தோட்டம் இன்றும் பலர் பார்வையிடும் இடமாக உள்ளது.

கொழும்பு ரோயல் கல்லூரியில் பயின்ற பாவா, பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிச்சுப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் கத்தரீன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்றார். அதன் பின் லண்டனில் சட்டம் பயின்று 1944 இல் வழக்கறிஞரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு திரும்பிக் கொழும்பில் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். இத்தொழிலில் அவருக்கு ஈடுபாடு ஏற்படவில்லை. 1946 இல் தாயார் இறந்ததும் தொழிலைக் கைவிட்டுச் சுமார் இரண்டு ஆண்டுகள் தூரகிழக்கு நாடுகள், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் பயணம் செய்தார். இத்தாலியில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் எண்ணியிருந்தார். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. 1948 இல் இலங்கைக்குத் திரும்பினார்.

லுனுகங்கவும் துறை மாற்றமும்

அதே ஆண்டில், பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் கைவிடப்பட்ட நிலையிலிருந்த இறப்பர்த் தோட்டமொன்றைப் பாவா வாங்கினார். லுனுகங்க என்பது அதன் பெயர். இத்தாலியில் தாம் கண்ட தோட்டங்களைப் போன்ற ஒன்றை வெப்பவலயத் தாவரங்களைக் கொண்டு உருவாக்குவது அவரது நோக்கம். இதற்குத் தேவையான தொழில்நுட்ப அறிவு தம்மிடம் இல்லை என்பதை வேலை தொடங்கிய பின்னரே அவர் உணர்ந்தார். இதுவே அவரைக் கட்டிடக்கலையை நோக்கித் திருப்பியது.

1951 இல், கொழும்பில் இயங்கிவந்த எட்வர்ட்சு, ரீட் அன்ட் பெக் என்னும் கட்டிடக்கலை நிறுவனத்தில் எச். எச். ரீட் என்பவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ரீட் காலமானார். பாவா மீண்டும் இங்கிலாந்து சென்று, லண்டனிலுள்ள கட்டிடக்கலைச் சங்கக் கல்லூரியில் தம்மைவிடப் பல ஆண்டுகள் இளைய மாணவர்களுடன் சேர்ந்து பயின்றார். 1957 இல் பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் நிறுவகத்தின் உறுப்பினராகத் தகுதி பெற்று நாடு திரும்பி, ரீடின் நிறுவனத்தில் எஞ்சியிருந்த பணிகளைப் பொறுப்பேற்றார்.

லுனுகங்கவில் பாவா செய்த வேலைகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தன. வீட்டிலிருந்து தொலைவிலுள்ள ஏரியும் அதற்கப்பாலுள்ள தாதுகோபமும் தெரியவேண்டும் என்பதற்காக, நடுவே மறைத்து நின்ற குன்றின் உச்சி வெட்டித் தாழ்த்தப்பட்டது. தோட்டத்தின் ஊடாகச் செல்லும் பொதுப்பாதை பள்ளத்துள் அமைந்து கண்ணுக்கு மறைந்துபோனது. குன்றின் மேல் வைக்கப்பட்ட ஒரு பெரிய சீனச் சாடி, வீட்டிலிருந்து பார்ப்பவரின் பார்வைக்கு ஒரு இடைநிறுத்தமாக அமைந்தது. வீடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டமுடியாத அமைப்பு இது. பிற்காலத்தில் பிற இடங்களில் பாவா பயன்படுத்திய உத்திகள் பலவும் முதலில் இங்கேயே சோதித்துப் பார்க்கப்பட்டன.

இடைநிலை வெளி என்னும் கருத்து

உள்ளக வடிவமைப்பில் இடைநிலை வெளி என்பது, ஓரிடத்திலிருந்து வேறு இயல்புடைய இன்னோரிடத்துக்குச் செல்லும்போது கடக்கும் பகுதியைக் குறிக்கும். தெருவுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள திண்ணை, வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள விறாந்தை, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையிலுள்ள நடை ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளும், சிங்களவரின் வளவுகள் எனப்படும் பழைய பெருவீடுகளும் நடு முற்றத்தைச் சுற்றி இத்தகைய வெளிகளை ஒழுங்குபடுத்தியவையே. சிங்களத்தில் இம்முற்றம் மெத மிதுல எனப்படும்.

இவ்வெளிகள் பல பயன்களைத் தருகின்றன:

கண்ணுக்குப் பழக்கம்: கடும் வெயிலிலிருந்து நேரடியாக அறைக்குள் நுழைபவருக்குச் சிறிது நேரம் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. அரை வெளிச்சமான ஒரு பகுதி நடுவே இருந்தால் கண் படிப்படியாகப் பழகிக்கொள்கிறது.

காலநிலை: கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசை அண்டியே இருக்கும். ஈரப்பதனும் அதிகம். இங்கு உடலுக்கு இதம் தருபவை நிழலும் காற்றோட்டமுமே. முற்றத்தின் வழியாகச் சூடான காற்று மேலெழ, திறந்த விறாந்தைகள் வழியாகப் புதிய காற்று உள்ளே வருகிறது. நீண்டு தாழ்ந்த தாழ்வாரக் கூரைகள் மழைச்சாரலைத் தடுப்பதால், மழை நாட்களிலும் சுவரை மூடவேண்டிய தேவை இல்லை.

அளவு பற்றிய உணர்வு: தாழ்வான, ஒடுங்கிய வழியொன்றைக் கடந்து வருபவருக்கு அதன் முடிவிலுள்ள இடம் உண்மையில் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். சிறிய நிலத்தில் கட்டும்போது இது மிகவும் பயன்படும்.

சமூக ஒழுங்கு: வந்தவர் யார் என்பதைப் பொறுத்து அவர் எதுவரை வரலாம் என்பதை இவ்வெளிகள் சொல்லாமலே உணர்த்துகின்றன. வாயிலோடு திரும்புபவர், விறாந்தையில் இருந்து பேசுபவர், முற்றத்தைத் தாண்டி உள்ளே வருபவர் எனப் பல படிகள் உண்டு.

பாவா இவை பற்றிக் கோட்பாட்டு நூல் எதனையும் எழுதவில்லை. கட்டிடத்தைச் சொற்களால் விளக்க முடியாது, அதனுள் நடந்து பார்த்தே அறியவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

தொடக்ககாலப் பணிகள்

அக்காலத்தில் லண்டன் கட்டிடக்கலைச் சங்கத்தில் வெப்பவலயக் கட்டிடக்கலை ஒரு சிறப்புப் பாடமாக இருந்தது. மாக்சுவெல் ஃபிரை, ஜேன் டுரூ ஆகியோர் ஆப்பிரிக்காவில் அமைத்த வெண்ணிறக் கொங்கிறீற்றுக் கட்டிடங்கள் அதற்கு முன்மாதிரிகளாகக் கொள்ளப்பட்டன. பாவாவின் முதற் கட்டிடங்களும் இதே பாணியிலானவை. இலங்கையின் பருவமழைக்கு இப்பாணி பொருந்தவில்லை. தட்டைக் கூரைகள் ஒழுகின. வெண்சுவர்களில் பாசி படிந்தது.

1959 அளவில் உல்ரிக் பிளெசுனர் என்னும் டென்மார்க்கு நாட்டுக் கட்டிடக்கலைஞர் பாவாவுடன் இணைந்தார். இருவரும் இலங்கையின் பழைய வீடுகள், விகாரைகள், ஒல்லாந்தர் காலத்துக் கட்டிடங்கள் ஆகியவற்றைக் கூர்ந்து கவனித்தனர். சரிந்த ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், நடு முற்றம் ஆகியவை பழமையின் அடையாளங்கள் மட்டுமல்ல, காலநிலைச் சிக்கல்களுக்குக் காணப்பட்ட தீர்வுகளும் கூட என்ற முடிவுக்கு வந்தனர்.

பொருளாதாரச் சூழலும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இலங்கை அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. உருக்கு, கண்ணாடி, நவீன பொருத்துகள் முதலியவை கிடைப்பது அரிதாயிற்று. உள்ளூர் மரம், கருங்கல், செங்கல், சுண்ணச் சாந்து, ஓடு ஆகியவற்றைக் கொண்டே கட்டவேண்டியிருந்தது. நெளிவுச் சீமெந்துத் தகடுகளின் மேல் அரைவட்ட நாட்டோடுகளைப் பதிக்கும் கூரைமுறை இக்காலத்தில் பாவாவின் கட்டிடங்களில் பயன்பட்டது. நாட்டோட்டின் தோற்றத்தையும் ஒழுகாத தன்மையையும் ஒருசேரத் தந்த முறை இது.

ஏனா டி சில்வா வீடு

1960–1962 காலப்பகுதியில் கொழும்பில் கட்டப்பட்ட இவ்வீடு, பாவாவின் பணியில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. இதைக் கட்டுவித்தவர்கள், காவல்துறைத் தலைவராக இருந்த ஒசுமண்ட் டி சில்வாவும் அவரது மனைவி ஏனா டி சில்வாவும் ஆவர். ஏனா பிற்காலத்தில் பத்திக் துணி ஓவியத்தில் புகழ் பெற்றவர். மாத்தளையைச் சேர்ந்த அலுவிகாரை குடும்பத்தில் பிறந்த இவருக்குப் பழைய வளவு வாழ்க்கை நன்கு பழக்கமானது.

காலனித்துவக் காலக் கொழும்பில் வீடு என்பது பெரிய தோட்டத்தின் நடுவே நிற்கும் பங்களாவாகவே இருந்தது. நான்கு புறமும் விறாந்தைகள் வெளிநோக்கித் திறந்திருக்கும். நிலங்கள் துண்டாடப்பட்டபோது இந்த அமைப்புப் பொருந்தாமற் போனது. சுமார் 30 பேர்ச்சசு நிலத்தில் நடுவே வீட்டை நிறுத்தினால், சுற்றிலும் பயனற்ற ஒடுங்கிய கீற்றுகளே மிஞ்சும். சாளரத்தைத் திறந்தால் பக்கத்து வீடு தெரியும்.

பாவா இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார். நிலத்தின் எல்லையில் உயர்ந்த சுவர்களை எழுப்பி, திறந்த வெளியை வீட்டின் நடுவே கொண்டுவந்தார். பெரிய நடு முற்றத்தைச் சுற்றி விறாந்தைகளும், அவற்றை அடுத்து அறைகளும், ஆங்காங்கே சிறு முற்றங்களும் அமைந்தன. தெருவிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரும் ஓட்டுக் கூரையும் மட்டுமே தெரியும். வாயிலைக் கடந்து உள்ளே வந்தால் மரங்களும் வானமும் தெரியும். குடும்பத்தவர் பகலின் பெரும்பகுதியை அறைகளில் அல்லாமல் விறாந்தைகளிலேயே கழிக்கக்கூடியதாக இருந்தது. நெருக்கமான நகரத்தில், காற்றையும் வெளிச்சத்தையும் தனிமையையும் ஒருங்கே பெறுவதற்கு முற்ற வீடு ஏற்றது என்பதை இது காட்டியது. இலங்கையில் பின்னர் கட்டப்பட்ட எண்ணற்ற நகர வீடுகள் இதன் வழி வந்தவை.

முப்பத்துமூன்றாம் ஒழுங்கை வீடு

கொழும்பு, பகதல வீதியை ஒட்டிய முப்பத்துமூன்றாம் ஒழுங்கையில் பாவாவின் சொந்த வீடு உள்ளது. இவ்வீடு ஒரே நேரத்தில் வடிவமைக்கப்பட்டதன்று. முட்டுச் சந்து ஒன்றில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளுள் மூன்றாவதில் 1958 இல் பாவா குடியேறினார். பின்னர் நான்காவதும், அதன்பின் ஏனைய இரண்டும் அவர் வசமாயின. முதல் வீடு இடிக்கப்பட்டு, அதன் இடத்தில் கோபுரம் போன்ற பல தளக் கட்டிடம் எழுப்பப்பட்டது. எஞ்சியவற்றின் சுவர்கள் ஆங்காங்கே திறக்கப்பட்டு, கூரைகள் சில இடங்களில் நீக்கப்பட்டு, நான்கும் ஒரே வீடாயின.

வாயிலிலிருந்து நீண்ட வெண்ணிற நடைவழி ஒன்று உள்ளே செல்கிறது. அதன் வழியே வரும்போது, மேலிருந்து ஒளி விழும் சிறு முற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்படும். செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து பெறப்பட்ட பழைய தூண்கள் ஒரு சிறு நீர்த்தொட்டியின் அருகே நிற்கின்றன. அறைகள் இந்த ஒளிப் புள்ளிகளைச் சுற்றியே அமைந்துள்ளன. நான்கு புறமும் பிற வீடுகள் சூழ்ந்திருந்தும், உள்ளே இருப்பவருக்கு அந்த நெருக்கம் தெரிவதில்லை. ஒரு வழியின் இறுதியில் என்ன இருக்கிறது என்பதை முழுவதும் காட்டாமல், ஒரு பகுதியை மட்டும் காட்டி நடக்கத் தூண்டுவது இங்கு கையாளப்பட்ட உத்தி.

விடுதிகள்

1960களின் பிற்பகுதியில் இலங்கை அரசு சுற்றுலாத் துறையை ஊக்குவிக்கத் தொடங்கியது. இக்காலத்தில் உருவான பெந்தோட்டைக் கடற்கரை விடுதி (1967–1969) பாவாவுக்குப் பெரும் புகழை ஈட்டித் தந்தது. வருபவர் முதலில் கோட்டைச் சுவர் போன்ற கருங்கல் தளத்தின் கீழ், குகையை ஒத்த தாழ்ந்த வாயிலை அடைவார். அங்கிருந்து படியேறினால் ஏனா டி சில்வாவின் பல வண்ணப் பத்திக் துணிகளால் அமைந்த விதானத்தைக் கொண்ட வரவேற்புக் கூடம் வரும். அதற்கப்பால் நீர்த்தடாகத்துடன் கூடிய முற்றம் உள்ளது. இருள், நிறம், ஒளி என்று மாறிவரும் இவ்வொழுங்கு திட்டமிட்டு அமைக்கப்பட்டதாகும். இக்கட்டிடம் பிற்காலத்தில் பல மாற்றங்களுக்கு உள்ளாகி, 2010களின் இறுதியில் பெருமளவில் புதுப்பிக்கப்பட்டது.

அகுங்கல்லையில் அமைந்த டிரைட்டன் விடுதியில் (1979–1981) இதற்கு நேர்மாறான உத்தி பயன்பட்டது. அங்கு நுழைவாயிலில் நிற்கும்போதே கூடத்தின் பளபளப்பான தரை, நீச்சற் குளம், கடல் ஆகியவை ஒரே தொடராகத் தெரியும். உள்ளும் புறமும் பிரியும் இடம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம விடுதி (1991–1994) பாவாவின் பிற்கால ஆக்கங்களுள் முதன்மையானது. சிகிரியாக் குன்றின் அருகே கட்டுவதற்கு முதலில் எண்ணப்பட்டது. பாவா அதனை ஏற்காமல், கண்டலமக் குளத்தை நோக்கிய மலைச்சரிவு ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அங்கிருந்து சிகிரியா தொலைவில் தெரியும். விடுதிக்கு வருபவர் மலையின் பின்புறத்தே குகை வாய் போன்ற நுழைவை அடைந்து, பாறையை ஒட்டிச் செல்லும் வழியில் நடந்து திரும்பும்போதே குளத்தின் பரந்த காட்சியைக் காண்பார். இயற்கைப் பாறை கட்டிடத்தின் உள்ளேயும் தொடர்கிறது. அறைகளுக்குச் செல்லும் நீண்ட நடைவழிகள் காற்று வரும்படி திறந்துள்ளன. கட்டிடம் தூண்களின் மேல் நிற்பதால், மழைநீர் அதன் அடியால் வழிந்தோட முடிகிறது. சட்டகங்களில் படரவிடப்பட்ட செடிகொடிகள் காலப்போக்கில் கட்டிடத்தைப் பெரும்பாலும் மறைத்துவிட்டன.

பொதுக் கட்டிடங்கள்

கொழும்பு பேரே வாவியில் உள்ள சீமமாலக (1976–1978), கங்காராமய விகாரையைச் சேர்ந்த தியான மண்டபம் ஆகும். நீரின் மேல் அமைந்த மூன்று மேடைகளும் அவற்றை இணைக்கும் பாலங்களும் கொண்ட இதில், கரையிலிருந்து மண்டபம்வரை நடந்து செல்வதே நகரத்தின் இரைச்சலை விட்டு நீங்கும் படியாக அமைகிறது. இப்பௌத்த மண்டபத்துக்கான செலவை முஸ்லிம் தம்பதியர் இறந்த தம் மகனின் நினைவாக ஏற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

1979 இல் சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனா புதிய நாடாளுமன்றத்தை வடிவமைக்கும் பணியைப் பாவாவிடம் ஒப்படைத்தார். பழைய தலைநகரான கோட்டேயில், தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலம் தோண்டப்பட்டு ஏரி உருவாக்கப்பட்டது. அதன் நடுவேயுள்ள தீவில் செப்புக் கூரைகளைக் கொண்ட கூடங்களின் தொகுதியாகக் கட்டிடம் எழுந்தது. இது ஏப்ரல் 29, 1982 அன்று திறந்து வைக்கப்பட்டது. நீரின் குறுக்கே செல்லும் நீண்ட அணைவழி, படிகள், தூண்வரிசைகள் ஆகியவற்றைக் கடந்தே அவை மண்டபத்தை அடையவேண்டும். அடுத்த ஆண்டிலேயே நாட்டில் இனக்கலவரமும் போரும் மூண்டன. ஆகத்து 18, 1987 அன்று நாடாளுமன்றக் கட்டிடத்தினுள்ளேயே கைக்குண்டுத் தாக்குதல் நடைபெற்றது. நாட்டு மக்களை மன்றத்தோடு இணைக்கும் வழியாகக் கருதத்தக்க அந்த அணைவழி, போர்க்காலத்தில் காவல் அரணாக மாறியது.

மாத்தறையிலுள்ள றுகுணுப் பல்கலைக்கழகத்தில் (1980–1988) ஐம்பதுக்கும் மேற்பட்ட தனித்தனிக் கட்டிடங்கள் கடலை நோக்கிய குன்றுகளின் மேல் அமைக்கப்பட்டன. இவற்றைக் கூரையிட்ட நடைவழிகளும் படிகளும் முற்றங்களும் இணைக்கின்றன. மாணவர்கள் வகுப்புக்கு வெளியே கூடிப் பேசுவதற்கான இடங்கள் இவ்வழிகளின் திருப்பங்களிலேயே உருவாகின.

தமிழ்நாட்டில் பாவா

பாவா இலங்கைக்கு வெளியே செய்த பணிகளுள் சில தமிழ்நாட்டில் உள்ளன. 1960களின் நடுப்பகுதியில் மதுரையில் சிறுவர் நகர் ஒன்றுக்கான கட்டிடங்களை இவர் வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் மதுரை மன்றக் கட்டிடத்தை அமைத்தார். உள்ளூர்க் கருங்கல்லும், பழைய கட்டிடங்களிலிருந்து பெற்ற பகுதிகளும் அதில் பயன்பட்டன. இம்மன்றம் இருந்த வளாகம் பின்னர் ஒரு விடுதியாக மாறியது. அதே பத்தாண்டில் சென்னையிலுள்ள கன்னிமாரா விடுதியின் மாற்றியமைப்புப் பணியையும் இவர் மேற்கொண்டார்.

உடன் பணியாற்றியோர்

பாவாவின் கட்டிடங்கள் பலரது கூட்டு முயற்சியால் உருவானவை. பிளெசுனர் 1960களின் பிற்பகுதியில் இலங்கையை விட்டுச் சென்ற பின், தமிழரான பொறியாளர் கே. பூலோகசுந்தரம் நிறுவனத்தின் பங்காளரானார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இக்கூட்டே நாடாளுமன்றம் போன்ற பெரும் பணிகளைச் சாத்தியமாக்கியது. ஓவியரும் சிற்பியுமான லக்கி சேனாநாயக்க, துணி வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி, ஓவியரும் கட்டிடக்கலைஞருமான இசுமத் ரகீம் ஆகியோரும் இவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். காலியிலுள்ள லைட்ஹவுசு விடுதியின் (1995–1997) வளைபடிக்கட்டில், போர்த்துக்கேயருக்கும் சிங்களவருக்கும் நடந்த போரைச் சித்திரிக்கும் உலோகச் சிற்பத்தொகுதி லக்கி சேனாநாயக்க உருவாக்கியதாகும்.

விமர்சனங்கள்

பாவாவின் வாடிக்கையாளர்களுள் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள், விடுதி உரிமையாளர்கள், அரசு ஆகியோரே. எனவே, சாதாரண மக்களின் வீட்டுத் தேவைக்கு இவரது பணி நேரடியாக உதவவில்லை என்ற கருத்து உண்டு. கண்டலம விடுதி கட்டப்பட்டபோது, சூழலும் குளத்து நீரும் பாதிக்கப்படும் என்று சூழலியலாளர்களும் பிக்குகளும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

நவீனத்தையும் மரபையும் இணைக்கும் முயற்சியைப் பாவாவுக்கு முன்பே தொடங்கியவர் மினெட் டி சில்வா. 1948 இல் பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் நிறுவகத்தின் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் இவர். இவரது பங்களிப்பும், தொடக்க ஆண்டுகளில் பிளெசுனரின் பங்களிப்பும் பாவாவின் புகழால் மறைக்கப்பட்டுவிட்டன எனச் சிலர் கருதுகின்றனர்.

பாவா பாணி என்ற பெயரில் ஆசிய நாடுகள் பலவற்றில் விடுதிகளும் வீடுகளும் எழுந்துள்ளன. இவற்றுட் பலவற்றில் ஓட்டுக் கூரை, பழைய தூண், நீர்த்தொட்டி ஆகிய வெளித்தோற்றங்கள் மட்டுமே பின்பற்றப்பட்டுள்ளன. ஒரு வெளியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஒழுங்கு அவற்றில் இல்லை. இவ்வொழுங்கை ஒளிப்படத்தில் காணமுடியாது என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். குளிரூட்டி பொருத்துவதற்காக விறாந்தைகளைக் கண்ணாடியிட்டு மூடுவதும், தரைப்பரப்பைக் கூட்டுவதற்காக முற்றங்களைக் கூரையிட்டு அறையாக்குவதும் நகரங்களில் பொதுவான வழக்கமாகிவிட்டது. அறை எண்ணிக்கையில் வீட்டை மதிப்பிடும்போது முதலில் இழக்கப்படுவன இடைநிலை வெளிகளே.

விருதுகளும் இறுதிக்காலமும்

1985 இல் வித்யாஜோதி, 1993 இல் தேசமான்ய ஆகிய பட்டங்களை இலங்கை அரசு பாவாவுக்கு வழங்கியது. 2001 இல் ஆகாகான் கட்டிடக்கலை விருதின் தலைவர் விருது, வாழ்நாள் பணிக்காக இவருக்கு அளிக்கப்பட்டது. அதற்குமுன் இவ்விருதைப் பெற்றவர்கள் எகிப்தைச் சேர்ந்த அசன் ஃபாத்தியும் ஈராக்கைச் சேர்ந்த ரிபாத் சாதிர்ஜியுமாவர்.

1998 இல் கடுமையான பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் பேசும் திறனை இழந்தார். எஞ்சிய ஆண்டுகளில் உதவியாளர்களே பணிகளைத் தொடர்ந்தனர். மே 27, 2003 அன்று தமது 83 ஆவது வயதில் கொழும்பில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரது சாம்பல் லுனுகங்கத் தோட்டத்தின் குன்றில் சேர்க்கப்பட்டது.

மறைவுக்குப் பின்

லுனுகங்கவும் முப்பத்துமூன்றாம் ஒழுங்கை வீடும் பாவாவின் பெயரிலான அறக்கட்டளைகளின் பராமரிப்பில் பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்டன. அவரது கொழும்பு அலுவலகம் உணவகமாகவும் ஓவியக் கூடமாகவும் மாறியது. தெருவிலிருந்து முற்றங்கள் வழியாக உள்ளே செல்லும் அதன் அமைப்பை அங்கு செல்பவர்கள் இன்றும் காணலாம்.

ஏனா டி சில்வா வீடு நிற்கும் நிலத்தின் விலை உயர்ந்து, அயலிலிருந்த மருத்துவமனையொன்று விரிவாக்கத்துக்காக அதனை வாங்கியபோது, வீடு அழியும் நிலை ஏற்பட்டது. அறக்கட்டளையினர் வீட்டை முழுமையாக அளந்து பதிவு செய்தனர். பின்னர் கற்கள், தூண்கள், கதவுகள், ஓடுகள் ஆகியவை குறியிடப்பட்டுப் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டன. அவை லுனுகங்கவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2016 இல் வீடு அங்கு மீண்டும் முழுமை பெற்றது. தூணும் கதவும் ஓடும் எடுத்துச் செல்லத்தக்கவை. முற்றம் வெறும் வெளி என்பதால் அதை அவ்வாறு எடுத்துச் செல்ல முடியாது. சுற்றியுள்ள விறாந்தைகளும் சுவர்களும் பழைய அளவிலேயே அமைக்கப்பட்டபோது அம்முற்றமும் மீண்டும் உருவானது.